முதல் பெஞ்சில் யார் உட்காருவது?

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு பெஞ்சு. வட ஜெர்மனியின் மெக்லன்பர்க்கில், ட்ரெப்பெலின் கிராமத் தேவாலயத்தின் முதல் பெஞ்சு. என் பெரியப்பா, ட்ரெப்பெலின் பிரபு, அடக்கம் செய்யப்பட்டதற்கு அடுத்த ஞாயிறு அது காலியாகக் கிடந்தது. வருடம் 1930. அதில் உட்காருகிறவர்தான் மாளிகைக்கும் காட்டுக்கும் வாரிசு. கழுத்தளவு கடனுக்கும், ஒழுகுகிற தேவாலயக் கூரைக்கும்கூட அவரே பொறுப்பு.

(சட்டத்தில் அப்படியா என்று கேட்காதீர்கள். வாரிசுரிமை வேண்டாமென்று சொல்லச் சட்டம் ஆறு வாரம் தருகிறது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு வேண்டாமென்றவர் எங்கள் வம்சத்தில் கிடையாது. வறட்டு கௌரவம்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘மாளிகையின் மேல் மழை...’ அடித்துவிட்டேன். மழை பெய்தது உண்மைதான். ஆனால் மழையில் ஆரம்பிக்கிற கதையை நானே படிக்க மாட்டேன்.

அடுத்தது: ‘பெரியப்பாவின் மூத்த மகன் வெண்டலின் ஒரு கோழை, அவன்...’ இதுவும் சரியில்லை. கோழை இவ்வளவு குஷியாக இருப்பானா? தேவாலய வாசலில் தங்கையைப் பிடித்துச் சொன்னான்:

“நேத்தே கோர்ட்ல கையெழுத்துப் போட்டுட்டேன் கீசா. எனக்கு ஒண்ணும் வேணாம்னு. இனி நீதான் சீமாட்டி!”

“பாவி! முன்னாடியே ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? நான் உக்காந்தா கடன்காரன் என் ஸ்டுடியோவையும் சேர்த்து முழுங்கிடுவானேடா!”

ஷ்வேரினில் அவள் நடத்தும் புகைப்பட ஸ்டுடியோ அது. எங்கள் குடும்பத்தில் உழைத்துச் சாப்பிட்ட முதல் ஆள் கீசாதான். எனக்கு அதில் பொறாமைகூட உண்டு.

பெரியம்மா ஒட்டீலியே குறுக்கே வந்தாள். “நீயும் உக்காரலேன்னா எல்லாம் ஏலத்துக்குப் போயிடும். எடுக்கிறவன் உங்கப்பா கல்லறை மேல பன்னி மேய்ப்பான்டி.”

“அம்மா, அவர் வாங்கின கடனுக்கு நான் ஏன்...”

மணி அடித்தது. உள்ளே போனார்கள்.

3

முடிவு ஒன்று: கீசா தலைநிமிர்ந்து உட்கார்ந்தாள், ஊர்...

முடிவு இரண்டு: கீசா திரும்பி நடந்தாள், பெரியம்மாவின் முகம்...

இரண்டையும் என்னால் நம்பும்படி எழுத முடியும். அந்தத் திறமை எனக்கு உண்டு. அதுதான் தொல்லை.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். பெஞ்சின் அருகே போனதும் பெரியம்மா தன் கறுப்புப் பாவாடையை ஒதுக்கி மகளுக்கு வழிவிட்டாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“உக்காராதடி. நானும் ஒருநாள், கல்யாணமாகி, இப்படித்தான் வந்து உக்காந்தேன்.”

இரண்டாம் வரிசையில் நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. கீசா என்ன செய்தாள் என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நீங்களே அவளை உட்கார வையுங்கள், அல்லது வெளியே அனுப்புங்கள். சீக்கிரம். வாரிசு உட்காராமல் எங்கள் ஊரில் யாரும் உட்கார மாட்டார்கள். கிழவர்களெல்லாம் நின்றுகொண்டிருக்கிறார்கள்.