செட்ரிக்கின் கல்லறை மணி

செட்ரிக் செத்ததில் ஊரில் பாதிப் பேருக்கு வருத்தம், மீதிப் பேருக்கு நிம்மதி. இங்கிலாந்தில், ஷ்ராப்ஷயரின் அந்தச் சின்ன ஊரில், அவர் எதிரே பேச்சுவாக்கில் ஒரு சொலவடையை விட்டுவிட்டால் போதும், ஆளைப் பிடித்து உட்கார வைத்து அது பிறந்த கதையைச் சொல்லாமல் விடமாட்டார். மழைக்கு ஒதுங்கியவன் "பூனையும் நாயுமாகக் கொட்டுகிறது" என்று சொல்லித் தொலைத்தால், அந்தக் காலத்தில் வைக்கோல் கூரையில் படுத்திருந்த பூனை நாயெல்லாம் வழுக்கி விழுந்த வரலாறு வரும். மழை நின்றுவிடும், வரலாறு நிற்காது.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் மண்டையைப் போட்டபோது, யாரோ "வாளியை உதைத்துவிட்டார்" என்று கிசுகிசுத்தார்கள். செட்ரிக் ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிவிட்டு, தூக்குப் போட்டுக்கொள்பவன் ஏறி நிற்கும் வாளியைப் பற்றி விளக்கப் போய் நர்ஸிடம் திட்டு வாங்கினார். மறுநாள் அவரே வாளியை உதைத்தார். அவருடைய கதைகளில் முக்கால்வாசி புளுகு என்பது மனைவி மேவிஸுக்குத் தெரியும். அவர் அவற்றை மனசார நம்பினார் என்பதும் தெரியும்.

அவருக்கு உயிரான கதை ஒன்று உண்டு. கடைசி நொடியில் தப்பித்தவனை "மணி காப்பாற்றியது" என்பார்கள். முன்பெல்லாம் மயங்கிக் கிடந்தவனையும் செத்தான் என்று புதைத்துவிடுவார்களாம். அதனால் விரலில் நூல் கட்டி, மேலே ஒரு மணியைத் தொங்கவிடுவார்களாம். உள்ளே விழித்தவன் இழுத்தால் தோண்டி எடுப்பார்களாம். இளமையில் குத்துச்சண்டை போட்டு மூக்கை வளைத்துக்கொண்ட அவர் நண்பர் நெவில் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. அடிவாங்கிச் சரிகிறவனை, சுற்று முடியும் மணி காப்பாற்றுவதுதான் அது என்று ஊர் மதுக்கடையில் வருஷக்கணக்காகக் கத்தினார். நெவில் "குத்துச்சண்டை" என்று வாயெடுத்தாலே, வாய் நிறையச் சோறு இருந்தாலும் செட்ரிக் எழுந்து மறுப்பார். ஒருமுறை தூக்கத்திலும் மறுத்தார்.

அப்பேர்ப்பட்டவர் தன் சவப்பெட்டிக்கும் மணி வேண்டும் என்று மேவிஸிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் போனார்.

பாதிரியார் ரோசலிண்ட் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "ரொம்ப சுவாரஸ்யமான யோசனை" என்றார். அந்த ஊரில் அதற்குக் கூடவே கூடாது என்று பொருள். மேவிஸ் புரியாதவள் போல நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இரண்டாம் முறை மறுப்பது மரியாதைக் குறைவு என்பதால் பாதிரியாரும் விட்டுவிட்டார்.

மேவிஸின் பயமெல்லாம் அடக்கத்தில் யாரும் சிரித்துவிடக் கூடாது என்பதுதான். அதிலும் நெவில் வாயைத் திறக்கவே கூடாது. அவரைத் தேடிப் போய், "நாளைக்கு ஒரு நாள் மட்டும் அந்தக் குத்துச்சண்டைய வீட்டுலயே விட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பெட்டி குழிக்குள் இறங்கியது. செட்ரிக்கின் விரலில் கட்டி, மூடியில் போட்ட துளை வழியாக மேலேறிய நூல், குழியோரம் நட்ட கம்பியில் தொங்கிய பித்தளை மணியில் முடிந்தது. ஜெபம் ஆயிற்று. ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். அப்போது மணி அடித்தது.

யாரும் அசையவில்லை. ஒருவர் தொண்டையைச் செருமினார். ஒருவர் வானத்தைப் பார்த்து, நாளைக்கு வெயில் வரலாம் என்றார். பாதிரியார் முடிந்துபோன ஜெபத்துக்குப் பக்கம் புரட்டினார். மணி மறுபடி, இன்னும் பலமாக அடித்தது. துக்க விருந்துக்கு வைத்த சாண்ட்விச் காய்ந்துவிடும் என்று ஒரு அம்மாள் கவலைப்பட்டாள். செட்ரிக்கே எழுந்து வந்து கை குலுக்கியிருந்தாலும், பார்த்ததில் சந்தோஷம் என்று சொல்லிவிட்டுத்தான் ஓடியிருப்பார்கள் அந்த ஜனங்கள்.

வெறும் காற்றுதான் என்று சவப்பெட்டிக்காரர் காதோடு சொன்னார். மேவிஸுக்குத் தெரியாதா? சில்லிட்ட அந்த நெற்றியில் தலைமுடியை வாரிவிட்டதே அவள்தான். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. ஒருவேளை, ஒருவேளை என்று அடித்துக்கொண்டது. இப்படியே வீட்டுக்குப் போனால் சாகும்வரை அந்த மணி அவள் காதில் அடித்துக்கொண்டே இருக்கும்.

"நெவில், அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

"என்னத்தச் சொல்ல?"

"குத்துச்சண்டைன்னு சொல்லுங்க. உசுரு துளி ஒட்டியிருந்தாலும் அந்த மனுஷன் அதுக்குப் பதில் சொல்லாம கிடக்கமாட்டார்."

நெவில் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் தத்தம் ஷூவை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நல்ல கால்சட்டையோடு அவர் ஈரச் சேற்றில் முட்டி போட்டார். மேவிஸ் மணியைக் கழற்றிவிட்டு நூலைத் தன் விரலில் சுற்றிக்கொண்டாள்.

"செட்ரிக், அது குத்துச்சண்டை மணிதான்டா. நீ சொன்னது முழுப் புளுகு."

நூல் அசையவில்லை.

"கேக்குதாடா? முழுப் புளுகு." நெவிலின் குரல் உடைந்துவிட்டது. "ஏதாவது சொல்லேன்டா."

மேவிஸ் விரலைக் கூட மடக்காமல் காத்திருந்தாள். பிறகு குனிந்து நெவிலின் தோளைத் தொட்டாள்.

"போதும், எந்திரிங்க. அவர் போயிட்டார்."

ஆஸ்பத்திரியில்கூட அழாதவள், அத்தனை பேர் நடுவில், அந்த ஊர் வழக்கத்திலேயே இல்லாத சத்தத்தில் அழுதாள்.