வடக்குக் காற்றில் இரண்டு படகுகள்

முதல் புயல் தெற்கிலிருந்து மழையோடு வந்து அடித்துவிட்டுப் போயிருந்தது. அடுத்தது வருவதற்குள் ஒரு தடவையாவது வலை போட்டு எடுத்துவிடலாம் என்று படகுகள் கிளம்பின. குரோவாவுக்கு மனசே இல்லை. ஆனால் அவளைக் கேட்டா கடலுக்குப் போகிறார்கள்? மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு புகுந்த ஃபியோர்டின் முகப்பில் இருந்த வானொலி நிலையத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவள் வேலை. போன படகுகளில் ஒன்று அவள் கணவன் எய்வின்டுடையது. இன்னொன்று தம்பி ஹால்வருடையது.

புயல் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. நண்பகலில் காற்று சட்டென்று வடக்கே திரும்பியது. மழை பனியாயிற்று. தெறித்த அலையெல்லாம் படகில் விழுந்த இடத்திலேயே உறைந்து, படகைக் கவிழ்க்கும் அளவுக்குக் கனம் ஏற்றியது.

"அக்கா, கேக்குதா?"

"கேக்குதுடா, சொல்லு."

"ஐஸ் ஏறிக்கிட்டே இருக்கு. சுத்தியலால அடிச்சு அடிச்சு எல்லாருக்கும் கை மரத்துப் போச்சு. ஒரு பக்கத்தை உடைக்கறதுக்குள்ள மறு பக்கம் ஏறிடுது. மச்சான் எங்க?"

"மலை மறைவுக்கு வந்து சேந்துட்டாரு."

"குடுத்து வெச்ச மனுசன். ஆட்டுத்தலை வேக வெச்சிருப்ப, என் பங்கையும் அவரே தின்னுடப் போறாரு."

அவள் சிரிக்க முயன்றாள். அதற்குள் எய்வின்ட் குறுக்கே வந்தான். அந்த அலைவரிசையில் ஒருவர் பேசுவது எல்லோருக்கும் கேட்கும்.

"குரோவா, இங்கிருந்து நான்தான் பக்கம். போகட்டுமா?"

"உன் படகுல ஐஸ் எவ்வளவு?"

"உடைச்சுட்டோம். வெளிய போனா மறுபடியும் ஏறும்."

"போனா திரும்பிடுவியா?"

காற்றின் இரைச்சலுக்கு மேல் எய்வின்ட் கத்தினான்.

"தெரியாது. நீ சொல்லு. போன்னா போறேன்."

எய்வின்டின் படகில் இருந்தவர்களின் மனைவிமார் முகமெல்லாம் அவள் கண்முன் வந்தது. ஹால்வரும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் காதில் விழாமல் சொல்ல அவளுக்கு வேறு அலைவரிசை இல்லை.

"போகாத," என்றாள்.

"அக்கா சொல்றதக் கேளு மச்சான்," என்றது தம்பியின் குரல். அதில் கோபம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சாஞ்சிடுச்சு. நிமிரல," என்றான். அவ்வளவுதான்.

தொண்டை கட்டும் வரை குரோவா அவன் படகின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காற்று ஓய்ந்தபின் தேடிப் போனவர்களுக்கு ஒரு மீன்பெட்டிகூடக் கிடைக்கவில்லை.

ஹால்வரின் மனைவி டல்லா நிலையத்துக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஊரே சொல்லுது. நீதான் போகவேணாம்னு சொன்னியாமே?"

"ஆமா."

"உன் இடத்துல நான் இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்." டல்லா கதவைப் பிடித்தபடி நின்றாள். "ஆனா இனிமே உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் அண்ணி. நீயும் வராத."

அவள் போன பிறகும் வாசலில் பனி உள்ளே விழுந்துகொண்டிருந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தக் குரோவாவுக்கு வெகுநேரம் ஆயிற்று.

எய்வின்ட் வீட்டில் பேசுவதில்லை. படகை விற்றுவிட்டு மீன் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளி வைத்தான்.

"நீ போன்னு சொல்லியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன்," என்றான். "அதுக்கு முன்னாடியே நங்கூரத்தைப் போட்டுட்டேன். பழி உன் தலையில விழட்டும்னுதான் கேட்டேன்."

குரோவா அவனைப் பார்த்தாள். அவள் கத்துவாள், தட்டை வீசுவாள் என்று அவன் காத்திருந்தது முகத்திலேயே தெரிந்தது. அடி வாங்கினால் கொஞ்சமாவது பாரம் இறங்கியிருக்கும் அவனுக்கு.

அவள் எழுந்து கோட்டை மாட்டினாள். நிலையத்தில் மாலை முறை வேலைக்கு நேரமாகிவிட்டது. மேற்கே மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. எந்தெந்தப் படகு வெளியே இருக்கிறதென்று கேட்க வேண்டும்.