வண்டிக்கு வேண்டிய காற்று

அந்தச் சிவப்புக் கிரகத்தில் காற்று இருந்தும் இல்லாத மாதிரிதான். இருக்கிற கொஞ்சமும் கரியமில வாயு. அதை உறிஞ்சி, உறைய வைத்து, அழுத்தி, சிலிண்டர்களில் அடைக்கும் கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்பவளைக் குடியிருப்பில் எல்லோரும் காற்றம்மா என்பார்கள். மூச்சுக்கு ஆக்ஸிஜன், பூமிக்கு ஊர் திரும்பும் ராக்கெட் வண்டிக்கு எரிபொருள், கண்ணாடிக் கூடத்துச் செடிகளுக்குச் சாப்பாடு, எல்லாம் அவள் பிடித்துக் கொடுக்கும் வாயுவிலிருந்துதான்.

செடிகளைப் பார்த்துக்கொள்பவன் அவள் கணவன். இப்போது இருவருக்கும் பேச்சு நின்று போயிருந்தது. அடுத்த வண்டியில் சேர்ந்து ஊருக்குப் போவதாக இருந்தார்கள். புதிதாக வந்திறங்கிய இரண்டாவது கம்ப்ரஸரை ஓடவிட்டுப் பார்க்காமல் கிளம்ப அவளுக்கு மனசு வரவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இன்னொரு தவணைக் காலம் இங்கேயே இருக்கிறேன் என்று குடியிருப்புத் தலைவியிடம் சொல்லிவிட்டாள். அவன் சண்டை போடவில்லை. உம்மென்று தக்காளிச் செடிகளுக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தனியாகவே கிளம்பிவிடுவான் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் புழுதிப் புயல் அடித்தது. ஓய்ந்தபோது கம்ப்ரஸர் திணறியது. வெளியே, உறிஞ்சு குழாயின் வடிகட்டியில் புழுதி அப்பிக் கிடந்தது. அதை மாற்றாவிட்டால் வண்டியின் டாங்க் நிறையாது. வண்டி கிளம்பாவிட்டால் அவனும் போக முடியாது. ஒரு கணம் அந்த எண்ணம் அவளுக்கு இனிக்கத்தான் செய்தது. பிறகு தன்னையே திட்டிக்கொண்டு, கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு விண்வெளி உடையை மாட்டினாள்.

வெளியே யாரும் தனியாகப் போகக் கூடாது. துணைக்கு வந்து நின்றது அவன்தான். வடிகட்டியின் போல்ட் அசைவேனா என்றது. இருவரும் ஒரே ஸ்பானரைப் பிடித்து இழுத்தார்கள்.

"எதுக்கு இவ்வளவு அவசரம்?" ரேடியோவில் அவன் கேட்டான்.

"டாங்க் நெறைய வேண்டாமா? நீங்க ஊருக்குப் போகணும்ல."

"ஊருக்குப் போகணும்னு சொன்னேன். தனியா போகணும்னு எப்போ சொன்னேன்?"

அவள் கை நின்றது. "அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தீங்க?"

"கேட்டிருந்தா நானே இருப்போம்னு சொல்லியிருப்பேன். நீ கேக்கலையே."

தலைக்கவசத்துக்குள் அவளுக்குக் கண்ணைத் துடைக்க வழியில்லை. "தப்புதாங்க," என்றாள். "இப்போ கேக்கறேன். இருக்கலாமா?"

"இருக்கலாம். மொதல்ல ஸ்பானர ஒழுங்கா பிடி. என் கால்ல போட்டுடாத."

போல்ட் கழன்றது. புது வடிகட்டியைப் பொருத்தி முடித்ததும் தலைவியின் குரல் ரேடியோவில் வந்தது. "பேசி முடிச்சாச்சுன்னா கம்ப்ரஸரப் போடலாமா? இங்க ஒருத்தரும் வேலை பார்க்கல. எல்லார் காதும் உங்க பக்கம்தான் இருக்கு."

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவளோ வாய்விட்டுச் சிரித்தாள்.

கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது. அந்த மெல்லிய காற்றில் சத்தம் சரியாக எட்டவில்லை. அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக் குழாயின் மேல் வைத்தாள். கையுறையைத் தாண்டி அதிர்வு சீராக ஏறி வந்தது.

"நல்லா இழுக்குது," என்றான் அவன், கையை எடுக்காமல்.