ஒரே ரத்தம்

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் பவளத்தின் இடது மார்பைப் புற்றுநோய்க்காக எடுத்தபோது, "நீ யாரு இவங்களுக்கு?" என்று மிஸ்ஸி கேட்டாள். நர்ஸை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். சொந்தக்காரர்களைத் தவிர வேறு யாரும் வார்டில் தங்கக்கூடாது. வடிவம்மாள் கண் இமைக்காமல், "கூடப்பொறந்த தங்கச்சி" என்றாள். பவளம் கன்னங்கரேலென்று ஒட்டடைக்கம்பு உயரம். வடிவம்மாளோ குள்ளம், நல்ல சிவப்பு. ஆனாலும் மிஸ்ஸி நம்பிவிட்டாள். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் என்றால் அவளுக்கு எல்லா முகமும் ஒன்றுதான்.

வேறென்ன சொல்லியிருக்க முடியும்? ஒரே லயத்து வீட்டில், ஒரே பாயில், புருஷன் பெண்டாட்டியாக வாழ்கிறோம் என்றா? தோட்டத்தில் அவர்களைக் 'கூட்டாளிங்க' என்பார்கள், சிலர் இளித்துக்கொண்டே. ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

அந்தப் பொய்தான் பவளத்தைப் பிழைக்க வைத்தது. புண்ணைக் கழுவியவள் வடிவம்மாள். தழும்பை யாரும் பார்த்துவிடுவார்களோ என்று பவளம் குழாயடிக்குப் போவதை நிறுத்தியபோது, வீட்டுக்குள்ளேயே வெந்நீர் வைத்து ஊற்றியவளும் அவள்தான். கை வீங்கி, பவளத்தால் வேகமாகக் கொழுந்து எடுக்க முடியாதபோது, தன் தேயிலை நிரையை முடித்துவிட்டு இவள் நிரைக்கு ஓடி வருவாள்.

"நெஞ்சுல ஒண்ணுமில்லாத என்னை எதுக்குடி கட்டிக்கிட்டு அழுவுற?" என்று பவளம் ஒருதடவை கேட்டாள்.

"திட்டுறதுக்கு வாயி இருக்குல்ல. அது போதும்லா."

மூன்று வருஷம் கழித்து, எண்பத்தொன்றில், பரிசோதனைக்காகத் தானா ராத்தாவில் பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனார்கள். தமிழ் டாக்டர் பவளத்தைப் பார்த்துவிட்டு, "நோய் திரும்ப வரல" என்றார். பவளத்துக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு அவர் வடிவம்மாள் பக்கம் திரும்பினார்.

"இது ரத்த சொந்தத்துல வர்ற நோயி. கூடப்பொறந்தவங்களையும் பாத்துடணும். படுங்க."

வடிவம்மாளின் முகம் வெளுத்தது. பவளத்துக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. பொய்க்குக் கிடைத்த கூலி! உண்மையைச் சொன்னால் அடுத்த முறை வார்டு வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். "பாத்துட்டுப் போவட்டும் போடி" என்று அவளே தள்ளிவிட்டாள்.

வடிவம்மாள் திரைக்குப் பின்னால் போய்ப் படுத்தாள். டாக்டர் வெளியே வந்து கையைக் கழுவினார். கட்டி பெரிது, அக்குள்வரை போய்விட்டது, இன்றே சேர்க்க வேண்டும் என்றார்.

"நான் சொன்னேன்ல. ஒரே ரத்தம்" என்றார் பவளத்திடம்.

பவளம் திரைக்குள் போனாள். வடிவம்மாள் ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தாள்.

"எப்பலேர்ந்துடி?"

"ஒனக்குத் தையல் பிரிச்ச வருசத்துலேர்ந்து."

"பாவி! ஏன் சொல்லல?"

"சொன்னா என்னையும் படுக்க வச்சிருவாங்க. ஒனக்கு வெந்நி யாரு ஊத்துவா?"

அவளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது பவளத்துக்கு. வீங்கிய கையால் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள்.

வார்டு வாசலில் புது மிஸ்ஸி ஒருத்தி நின்றாள். "சொந்தக்காரங்கதான் தங்கலாம். நீங்க யாரு?"

பவளம் வடிவம்மாளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கூடப்பொறந்த அக்கா" என்றாள். "டாக்டரையே கேளுங்க. ஒரே ரத்தம்."