ஐந்தாம் நடை

கரட்டுக்களத்தில் அறுபத்தொரு வீடுகள்; ஆட்கள் இருநூற்று நாற்பத்து மூன்று பேர். இந்தக் கணக்கை எடுத்தது அரசாங்கம் அன்று. அந்த ஊருக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகளாக மினிபஸ் ஓட்டிவரும் சோலைமுத்து எடுத்தது. அரசாங்கத்தின் வரைவுத் திட்டத்தில் நூற்று எண்பது பேர் என்றுதான் இருந்தது. மீதி அறுபத்து மூன்று பேரும் விபத்து நடக்கும் நாளில் காற்றோடு காற்றாய்க் கரைந்துவிடுவார்கள் போலும்!

ஊருக்கு வடக்கே, கரட்டுக்கு அப்பால், சிறிய அணுவுலை ஒன்றை அமைக்கலாமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தண்ணீருக்கு என்ன செய்வீர்கள் என்றால், குழாயில் வரும் என்றார்கள். குடகனாற்றில் கால் நனைத்து எத்தனை காலமாயிற்று என்று ஊர்க்காரர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், கேட்பார் இல்லை. உலையில் ஏதேனும் நேர்ந்தால் சுற்றுவட்டார மக்களை எப்படி வெளியேற்றுவது என்பதற்குத்தான் அந்த வரைவுத் திட்டம். முப்பத்திரண்டு பக்கங்கள். அவற்றில் கரட்டுக்களத்துக்கு ஒரே வரி: ‘ஐந்து பேருந்துகள், நாற்பத்தைந்து நிமிடங்கள், சேருமிடம், தாடிக்கொம்பில் ஒரு கல்யாண மண்டபம்.’

விளக்கக் கூட்டத்தில் அந்த வரியைப் படித்துக் காட்டியவர் ஓர் இளம் பெண் அதிகாரி. நல்ல பெண், கேட்ட கேள்விக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்.

“எல்லாரையும் நேரத்துக்குள்ள வெளியேத்த முடியும்னு நாங்க காட்டணும் ஐயா. காட்ட முடியலைன்னா இந்த இடத்துக்கு அனுமதி கிடைக்காது.”

ஊர் இந்த இரண்டாவது வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் டீக்கடைப் பாண்டியராஜ், பாலை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தார். “ஏலே சோல, பெரிய பஸ்சு நம்ம அம்மன் கோயில் முக்குல திரும்புமாடா?”

“திரும்புனா எதுக்குண்ணே மினிபஸ்ஸ விட்டாங்கெ?”

“அதத்தான் சொல்றேன். நாப்பத்தஞ்சு நிமிசத்துல கண்ணுசாமி வேட்டியக் கட்டி முடிக்க மாட்டாரு.”

கண்ணுசாமி கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோய் நான்கு ஆண்டுகளாகக் கட்டிலில் கிடப்பவர். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது: “நான் வேட்டி கட்டாமயே வாரேன்டா! வண்டிய எடுங்கடா!”

கடையே சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது சோலைமுத்துவுக்கு அந்த யோசனை உதித்தது. முடியாது என்று வாயால் சொன்னால் எவன் கேட்பான்? ஊருக்குள் திரும்பக்கூடிய ஒரே வண்டியான தன் மினிபஸ்ஸில் ஒரு நாள் ஊரையே வெளியேற்றிப் பார்த்து, ஆன நேரத்தை எழுதிக் கொடுத்தால்?

பஸ் உரிமையாளர் கிதர் முகம்மது பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருப்பவர். விவரத்தைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் தாடியைத் தடவினார்.

“ஞாயித்துக்கெழம எடுத்துக்கப்பா. டீசல் நான் போட்டுத் தாரேன். ஆனா, ஊரக் காலி பண்ணிப் பாக்குறோம்னு நீ சொல்றது காதுக்கு நல்லால்ல.”

“வெளாட்டுக்குத்தான பாய்.”

“வெளாட்டு நமக்கு. அவங்களுக்குக் காகிதம்.”

சோலைமுத்து அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வரிசை எழுதுவதில் மும்முரமாக இருந்தான். முதல் நடையில் நடக்க முடியாதவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும். இரண்டாவதில் கைக்குழந்தைக்காரிகள். இப்படியே போய், ஐந்தாம் நடையில் கடைசிப் பெயராகத் தன் மனைவி சண்முகவள்ளியின் பெயரை எழுதினான். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: “வேணும்னே ஒருத்தரும் லேட் பண்ணக் கூடாது. நெசமான நேரந்தான் வேணும். பொய்யா எழுதுனா என்னைக்காச்சும் ஒடஞ்சுபோகும்.”

ஒன்பது மணிக்குப் பாண்டியராஜ் எவர்சில்வர் தட்டைத் தட்டினார், ஒத்திகை தொடங்கியது. கண்ணுசாமியின் கட்டில் பஸ் வாசலுக்குள் நுழையவில்லை. ஓர் இருக்கையைக் கழற்றிவிட்டு, கோரைப்பாயில் கிடத்தித் தூக்கினார்கள். “மாப்ள ஊர்வலம்டா!” என்று அவர் நல்ல கையை ஆட்டினார். மல்லிகைக் காட்டில் இருந்தவர்கள் பறித்த மொட்டைக் குவித்துவிட்டு வர அரை மணி ஆயிற்று. ரயில்வே கேட் இரண்டு முறை மூடியது. ஒருத்தி ஏறி உட்கார்ந்த பிறகு சிலிண்டரை அடைக்க இறங்கி ஓடினாள். இன்னொருத்தி ஆட்டைக் கட்ட ஓடினாள். தாடிக்கொம்பு மண்டபத்துக்கு ஐந்து நடையும் போய் முடிய மூன்று மணி ஐம்பது நிமிடங்கள். சோலைமுத்து ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்தான்.

திண்டுக்கல்லில் நடந்த கருத்துக் கேட்பில் அதே பெண் அதிகாரி அந்த நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

“இவ்வளவு துல்லியமா யாருமே குடுத்ததில்லை ஐயா. பக்கத்துக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க.”

சோலைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்து ஐந்து பக்கத்திலும் கையெழுத்திட்டான். அன்று மாலை பாண்டியராஜ் யாரிடமும் டீக்குக் காசு வாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் திருத்திய திட்டம் வந்தது. பாண்டியராஜ் பக்கங்களைப் புரட்டிவிட்டுத் துள்ளினார். “வெளியேத்துற பட்டியல்ல நம்ம ஊரு பேரே இல்லடா! செயிச்சுட்டோம்!” யாரோ வெடி வெடித்தார்கள். சோலைமுத்து மட்டும் கடைசிப் பக்கத்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உலையைச் சுற்றி ஆள் குடியிருக்கக் கூடாத பகுதி என்று முன்பு ஒரு வட்டம் இருந்தது. இப்போது அது வட்டமாக இல்லை. தெற்கே மட்டும் தொந்தி வைத்திருந்தது. அந்தத் தொந்திக்குள் கரட்டுக்களம் இருந்தது. பக்கத்தில் குறிப்பு:

‘உரிய நேரத்தில் வெளியேற்ற இயலாது எனக் குடியிருப்போரே நிறுவியுள்ளமையால், இக்குடியிருப்பு முன்கூட்டியே நிரந்தரமாக இடமாற்றம் செய்யப்படும். மக்கள்தொகை: இல்லை. காண்க: இணைப்பு நான்கு.’

இணைப்பு நான்கு அவனுடைய நோட்டுதான். அவன் அடித்துத் திருத்திய இடம்கூட அப்படியே இருந்தது.

மறுநாளே அதிகாரியைப் போய்ப் பார்த்தான். “அம்மா, இந்த எடம் ஆகாதுன்னு காட்டத்தான அதக் குடுத்தோம்.”

“ஆகாதுன்னு நீங்க எங்கயும் எழுதலையே ஐயா. நேரம் எழுதியிருந்தீங்க. சரியா எழுதியிருந்தீங்க.”

“உலைய வேற பக்கம் தள்ளி வைக்கக் கூடாதா?”

“எதை நகர்த்துறது சுலபம்னு மேல பாத்தாங்க.” அவர் தயங்கினார். “உங்க ஊருக்கு இனி ஆபத்தே இல்லையே ஐயா. அது நல்லதுதானே?”

அவர் குரலில் கேலி இல்லை, பொய்யும் இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மனிதனைக் காப்பாற்ற வகுத்த திட்டம், காப்பாற்ற வேண்டிய மனிதனை இல்லாமல் ஆக்கிவிட்டால் கணக்கு நேராகிவிடுகிறது. இதற்கு முப்பத்திரண்டு பக்கங்கள், முத்திரை, கையொப்பம்!

டீக்கடையில் பாண்டியராஜ் அவன் முகத்தைப் பார்க்காமல் கிளாசை வைத்தார்.

“நடிச்சுத் தொலச்சிருக்கலாமேடா. நாப்பத்தஞ்சு நிமிசத்துல முடிச்சதா எழுதியிருக்கலாம்ல.”

“அப்ப உலை வந்திருக்கும்ணே.”

“இப்ப மட்டும் வராமலா போச்சு? அப்ப நாமளாச்சும் இங்கன இருந்திருப்போம்.”

சோலைமுத்து டீயைக் குடிக்கவில்லை.

வழக்குப் போட்டார்கள், தள்ளுபடி ஆயிற்று. சாலையை மறித்தார்கள், ஒரு மண்டபத்தில் வைத்திருந்து மாலையில் விட்டார்கள். அடுத்த ஆண்டு மாசியில், ஊரைக் காலிசெய்து, புது இடம் தயாராகும்வரை தாடிக்கொம்பு மண்டபத்தில் தங்கச் சொல்லிக் கடிதம் வந்தது. ‘ஏற்கெனவே ஒத்திகை பார்க்கப்பட்டுள்ளமையால் அதே வரிசையைப் பின்பற்றுக.’

கிதர் முகம்மது தொலைபேசியில் அழைத்தார். “ஆபீஸ்லேர்ந்து வண்டி கேட்டாங்க, தர மாட்டேன்னுட்டேம்ப்பா. வேற பஸ்சு வரும்ங்கிறாங்க.”

“வேற பஸ்சு அந்த முக்குல திரும்பாது பாய். கண்ணுசாமியண்ணன அம்புட்டுத் தூரம் ரோட்டுல தூக்கிட்டு வருவாங்கெ. சீட்டு எதக் கழட்டணும்னு எவனுக்குத் தெரியும்?”

 “எடுத்துக்க,” என்றார் கிதர் முகம்மது.

குறித்த நாளில் அவனே ஸ்பேனரை எடுத்து அந்த இருக்கையைக் கழற்றினான். கண்ணுசாமியைத் தூக்கிவந்தார்கள். அவர் பஸ் வாசலைத் தாண்டும்போது நல்ல கையால் கதவுக் கம்பியைப் பற்றிக்கொண்டார். “விடுண்ணே,” என்றான் சோலைமுத்து. விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக அவன்தான் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

அன்று ரயில்வே கேட் ஒரு முறைகூட மூடவில்லை. மல்லிகைக் காட்டில் எவரும் இல்லை. சிலிண்டரை அடைக்கவோ ஆட்டைக் கட்டவோ எவரும் திரும்பி ஓடவில்லை. ஆடுகளை முந்தின வாரமே விற்றிருந்தார்கள். ஐந்தாம் நடையில் கடைசி ஆளாகச் சண்முகவள்ளி ஏறினாள். தாடிக்கொம்பு மண்டபத்து வாசலில் அவள் இறங்கியபோது, பழக்கத்தில் அவன் கண் கைக்கடிகாரத்துக்குப் போயிற்று.

ஒரு மணி ஐம்பது நிமிடங்கள்.

“எம்புட்டு ஆச்சு?” என்று கேட்டாள்.

அவன் கழற்றிவைத்திருந்த இருக்கையை மறுபடி மாட்டத் தொடங்கினான்.