நாலாவது மேசை

ப்ராஜெக்ட்டுக்காகத் தொழிற்சாலைக்கு வந்த மூன்றாம் நாள் காலை, டீ இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால்தான் மிளகு அதைப் பார்த்தாள். டேபிள் ஃபேன் பூட்டும் வரிசை அது. எட்டு மேசைகள், மேசைக்கு ஒரு பெண். நாலாவது மேசையில் மோட்டாரை ஸ்டாண்டின் மேல் உட்கார வைத்து நாலு ஸ்க்ரூ முடுக்க வேண்டும். ஐந்தாவது மேசையில் பின்கூண்டையும் இறக்கையையும் மாட்ட வேண்டும். ஐந்தாவது மேசையில் இருந்தது அவளுடைய பெரியம்மா. ஃபேன் தன்னிடம் நகர்ந்து வந்ததும் பெரியம்மா கூண்டை எடுக்கவில்லை. மடியில் துணிக்கடியில் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பாதி மட்டும் இறங்கியிருந்த இரண்டு ஸ்க்ரூக்களைச் சட்டென்று இறுக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் கூண்டுக்குக் கை நீட்டினாள். ஏதோ கைத்தவறு என்றுதான் மிளகு முதலில் நினைத்தாள். அடுத்த ஃபேனிலும் அதேதான். அதற்கடுத்ததிலும் அதேதான். ஸ்டாப்வாட்ச்சை அமுக்கி அமுக்கி முப்பது ஃபேன் பார்த்தாள். நாலாவது மேசை இருபத்தொன்பது நொடி, ஐந்தாவது மேசை நாற்பத்தேழு நொடி. நோட்டில் எழுதி, நாற்பத்தேழைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். போடும்போது உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. பின்னாளில் அவள் தன்னை மன்னிக்க முடியாமல் போனது வட்டத்துக்காக அல்ல, அந்தத் துள்ளலுக்காக.

பிறக்கும்போது அவ்வளவு சிறிசாக இருந்தாளாம், அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் மிளகு. கல்லூரியில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் கடைசி வருஷம். அது என்ன படிப்பு என்று உறவில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. ஒரு வேலையை யாரும் சிரமப்படாமல், நேரம் வீணாகாமல் செய்ய வைப்பது எப்படி என்று படிப்பது என்று அவள் விளக்குவாள். மாமா ஒருவர், அடுத்தவங்க வேலை செய்யறத நின்னு வேடிக்கை பாக்கறதுக்கு ஒரு டிகிரியா என்று கேட்டு, அதையே ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்க இரண்டு கம்பெனிகள் வந்து, இரண்டும் அவளைத் தட்டிக் கழித்துவிட்டுப் போன பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு இடத்திலும் கேட்டது ஒரே கேள்வி: நீங்களாகக் கண்டுபிடித்து மாற்றிய ஒன்றைச் சொல்லுங்கள். சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. பாடம் இருந்தது, மார்க் இருந்தது, அவ்வளவுதான். ப்ராஜெக்ட்டைப் பார்க்கும் பேராசிரியரும், எத்தனை பேர் வேலை மிச்சமாகிறது என்று ஒரு எண் இல்லாமல் என் அறைக்கு வராதே என்று சொல்லிவிட்டார். எந்தத் தொழிற்சாலையும் உள்ளே விடாமல் அவள் அலைந்துகொண்டிருந்தபோது, பெரியம்மாதான் தன் மேனேஜரிடம் போய்க் கைகட்டி நின்று, எங்க வீட்டுப் பொண்ணு, ஒரு மாசம் ஓரமா நின்னு எழுதிட்டுப் போயிடும் என்று கேட்டு வாங்கித் தந்தாள்.

நாலாவது மேசைக்காரியை அந்த வரிசையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோ. வயதில் சிறியவர்களுக்கும் பெரியவர்களுக்கும் ரேடியோக்கா. காலையில் பெல் அடித்ததும் பேச ஆரம்பித்தால் சாயங்காலம் பெல் அடிக்கும்வரை நிற்காது. எதிர்வீட்டுக்காரி மாடிப்படியில் வைத்த பூந்தொட்டி, பஸ்ஸில் பக்கத்தில் தூங்கி விழுந்த ஆள், தன் வீட்டுக்காரருடைய குறட்டையின் மூன்று வகைகள். குறட்டையைச் செய்தே காட்டுவாள். மிளகு ஸ்டாப்வாட்ச்சோடு வந்த முதல் நாள் மற்ற பெண்கள் எல்லோரும் விறைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். ரேடியோக்கா மட்டும் ஒரு ஸ்டூலைக் காலாலேயே தள்ளி விட்டு, நின்னுக்கிட்டே எழுதினா கால் வீங்கிடும், உக்காரு இன்ஜினியரம்மா, எங்க திருட்டையெல்லாம் உக்காந்துக்கிட்டே புடி என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் மிளகு கேட்பதற்கு முன்னால் பெரியம்மாவே பேசினாள். போன வருஷம் ரேடியோ குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததையும், எலும்பு சரியாகக் கூடாமல் போனதையும், பிடிக்கலாம், தூக்கலாம், ஆனால் அழுத்தித் திருகினால் உயிர் போகிறது என்பதையும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். நாலில் இரண்டு ஸ்க்ரூவைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கிவிடுவாள், மீதி இரண்டைத் தொட்டு வைப்பாள், அதைப் பெரியம்மா முடுக்கிவிடுவாள். ரேடியோவின் வீட்டுக்காரர் கண் சரியாகத் தெரியாமல் வேலையை விட்டு வீட்டில் இருக்கிறார். வேறு வருமானம் கிடையாது. சூப்பர்வைசருக்கே தெரியாது இது.

"நீ பாத்துட்டேன்னு எனக்குத் தெரியும். பாத்ததைப் பாத்ததோட விட்டுடு, என்ன?" என்றாள் பெரியம்மா.

"சரி பெரியம்மா" என்றாள் மிளகு. மனதாரத்தான் சொன்னாள்.

விட்டுவிடத்தான் நினைத்தாள். அதோடு சும்மாவும் இருக்கவில்லை. இரண்டு நாள் நூலகத்தில் உட்கார்ந்து, நாலாவது மேசைக்கு மேலே ஸ்பிரிங்கில் தொங்குகிற மின்சார ஸ்க்ரூடிரைவர் ஒன்றைப் படம் போட்டாள். கீழே இழுத்து வைத்தால் போதும், அதுவே திருகிக்கொள்ளும். மணிக்கட்டுக்கு வேலையே இல்லை. விட்டதும் தானாக மேலே போய்விடும். ரேடியோக்காவும் இருப்பாள், பெரியம்மாவின் பளுவும் குறையும், ஃபேனும் வேகமாக வரும். ப்ராஜெக்ட்டில் பன்னிரண்டு ஸ்லைடு. கடைசி ஸ்லைடு இந்தப் படம். அதைப் போட்டு முடித்த மத்தியானம் அவளுக்கு ஏற்பட்ட நிம்மதி சொல்லி மாளாது. படித்த படிப்புக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் கிடைத்தது போல இருந்தது.

தொழிற்சாலை மீட்டிங் அறையில் மேனேஜரும் பேராசிரியரும் உட்கார்ந்திருக்க, மிளகு ஒவ்வொரு ஸ்லைடாகக் காட்டினாள். மேனேஜர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, நடுவில் இரண்டு முறை கைபேசியைப் பார்த்தார். பதினோராவது ஸ்லைடில் எட்டு மேசைகளின் நேரமும் எட்டுக் கட்டைகளாக நின்றன. அவர் நிமிர்ந்து, ஐந்தாவது மட்டும் ஏன் அவ்வளவு உயரம், அந்த அம்மா மெதுவா என்று கேட்டார். பெரியம்மாவைப் பற்றிய கேள்வி. மெதுவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். நேராகப் பன்னிரண்டாவது ஸ்லைடுக்குத் தாவியிருக்கலாம். மிளகு வாய் திறந்தபோது மேனேஜர் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் சொல்லப்போவதை ஒருவர் எழுதிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவள் சொன்னாள். நாலாவது மேசையின் வேலையில் பாதியை ஐந்தாவது செய்கிறது என்றாள். மூன்றாவது மேசையிலும் கை சும்மா இருக்கிற நேரம் உண்டு என்றாள். அதையும் கேட்காமலே சொன்னாள்.

"அப்ப நாலாவதை ரெண்டு பக்கமும் பிரிச்சுட்டா ஏழு பேர் போதும்" என்றார் மேனேஜர். கேள்வியாக அல்ல.

பேராசிரியர் தலையை ஆட்டினார். அவர் கேட்ட எண் வந்துவிட்டது. மேனேஜர் பேனாவை மூடிவிட்டு, உனக்கு நல்ல கண்ணும்மா, எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், யார் கண்ணிலும் படவில்லை என்றார். இன்னும் ஏதாவது உண்டா என்றும் கேட்டார், கேட்டபடியே எழுந்தார். மிளகின் விரல் அடுத்த ஸ்லைடுக்கான பட்டனின் மேல்தான் இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்த ஒரு அறையை இன்னும் ஐந்து நிமிஷம் பிடித்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. "அவ்வளவுதான் சார்" என்றாள்.

மூன்று வாரம் கழித்து அந்தக் கம்பெனியிலிருந்தே வேலைக்கு உத்தரவு வந்தது. அம்மா அதை இரண்டு தரம் படித்துவிட்டு எல்லோருக்கும் போன் போட ஆரம்பித்தாள். கிண்டல் மாமாகூட, நின்னு பாக்கறதுக்குச் சம்பளமா, பொழைக்கத் தெரிஞ்ச புள்ள என்றார். சனிக்கிழமை பெரியம்மா வந்தாள். மிளகின் தலையில் கை வைத்து, நல்லா இரு என்றாள். டீ குடித்த தம்ளரைக் கழுவப் பின்னால் போனவளோடு மிளகும் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே, ரேடியோவைப் போன வாரம் நிறுத்திவிட்டார்கள் என்றாள் பெரியம்மா.

"பெரியம்மா, நான்தான்..."

"தெரியும். விடு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். பெரியம்மா தம்ளரைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள், கைப்பையை எடுத்தாள், தங்கையிடம் கால் வலிக்கிறது, சீக்கிரம் போய்ப் படுக்கணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த வாரம் மிளகு சரியாகச் சாப்பிடவில்லை. வேலை பயம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். பன்னிரண்டாவது ஸ்லைடை மிளகு மேனேஜருக்கு அனுப்பி வைத்தாள். ரொம்ப நன்றாக இருக்கிறது, வந்து சேருங்கள், இந்த மாதிரி நிறையப் பேசலாம் என்று அன்றைக்கே பதில் வந்தது. மரியாதையான பதில்தான். அதில் நாலாவது மேசை இல்லை.

வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு மத்தியானம் அவள் ரேடியோக்காவின் வீட்டுக்குப் போனாள். இரண்டாவது மாடி. போய் என்ன சொல்வது என்று நூறு தடவை ஒத்திகை பார்த்திருந்தாள். கதவைத் திறந்த ரேடியோக்கா அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் விரிந்து, வா வா இன்ஜினியரம்மா என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள், இடது கையால். வீட்டுக்காரரிடம், நான் சொல்லலை, ஸ்டூல்ல உக்காந்து கணக்கெடுக்குமே ஒரு பொண்ணு, அதுதான் இது என்றாள். அவர் குரல் வந்த திசையில் பார்த்துத் தலையசைத்தார். கம்பெனியிலேயே வேலை கிடைத்துவிட்டதாமே, கேள்விப்பட்டேன், எனக்குத்தான் முதலில் சந்தோஷம் என்று பேசிக்கொண்டே போனாள். தண்ணீர் கொண்டு வந்தாள். எதிரில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் குரல் இறங்கியது.

"உன் பெரியம்மா பண்ணினதுக்கு நீ என்ன பண்ணுவ, பாவம். அதுக்காக நீ வராம இருக்கக் கூடாதுன்னு நானே நெனச்சேன்."

மிளகுக்குப் புரியவில்லை.

"பதினோரு வருஷம் பக்கத்துல உக்காந்தவ. என் கை விஷயம் அவ ஒருத்திக்குத்தான் தெரியும். முடியலன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? பின்னால போய்ச் சொல்லிட்டா." ரேடியோக்கா மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "ரெண்டு தடவ வந்தா. ஒரு தடவ நல்ல மழை. கதவத் தொறக்கல. உள்ள நின்னுக்கிட்டே கேக்கக் கூடாததெல்லாம் கேட்டேன். ஒரு வார்த்தை பதில் பேசல அவ. தப்பு பண்ணினவளுக்குப் பேச்சு எங்கேருந்து வரும்?"

தம்ளர் மிளகின் கையில் இருந்தது. மழையில் கதவுக்கு வெளியே பெரியம்மா நின்ற நிலை மட்டும் தெரிந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும், நான் இல்லை, என் தங்கை மகள் என்று. அதைச் சொல்லாமல் இரண்டு முறையும் அந்தப் படியை இறங்கிப் போயிருக்கிறாள். இப்போது மிளகும் சும்மா இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, வரேன்க்கா என்று எழுந்தால் இவள் வாசல்வரை வந்து வழியனுப்புவாள். பெரியம்மாவும் கடைசிவரை வாய் திறக்க மாட்டாள். நாளைக்குக் காலை எட்டரை மணிக்கு வேலை.

"பெரியம்மா சொல்லலக்கா" என்றாள். "நான்தான் சொன்னேன். சொல்லாதன்னு பெரியம்மா என்கிட்ட கேட்டுக்கிட்டாங்க. சரின்னு சொல்லிட்டு, மீட்டிங்ல சொல்லிட்டேன்."

ரேடியோக்கா அவளையே பார்த்தாள். மிளகு நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்தது. மேனேஜர் பேனா எடுத்ததைச் சொன்னாள். தொங்கும் ஸ்க்ரூடிரைவர் படத்தைப் போட்டு வைத்திருந்ததையும், அவர் எழுந்துவிட்டார் என்று அதைக் காட்டாமல் விட்டதையும் சொன்னாள். யாரும் கட்டாயப்படுத்தலக்கா, நல்ல பேர் கெடைச்சதும் மறந்துட்டேன் என்றாள். மறக்கல, மறந்த மாதிரி இருந்துட்டேன் என்று திருத்திச் சொன்னாள்.

கண் தெரியாத மனிதர், மனைவியின் குரல் எங்கே போயிற்று என்று தேடுவதுபோல் தலையைத் திருப்பினார்.

"மன்னிச்சிடுங்கக்கா."

"அதை அப்புறம் பாக்கலாம்" என்றாள் ரேடியோக்கா. குரலில் கோபம்கூட இல்லை, யாரோ ஒருத்தியிடம் பேசுகிற குரல். "உன் பெரியம்மா வீட்லதான இருப்பா இன்னிக்கு?"

இருப்பாங்க என்றாள் மிளகு. ரேடியோக்கா எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரரின் காதோரம் குனிந்து ஏதோ சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. மிளகு நாலைந்து அடி பின்னால் நடந்தாள். தெரு நீளமாக இருந்தது. கடைகள் பாதி மூடியிருந்தன. பஸ் நிறுத்தத்தில் ரேடியோக்கா பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். மறு ஓரம் காலியாக இருந்தும் மிளகு உட்காராமல் நின்றாள்.

பஸ் வந்தது. ரேடியோக்கா முன்வாசலில், இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். மிளகு ஒரு நொடி தயங்கி, பின்வாசலுக்கு ஓடி ஏறிக்கொண்டாள். உள்ளே நல்ல கூட்டம். வண்டி ஒரு திருப்பத்தில் சாய்ந்தபோது எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் ஒதுங்கின. அந்த இடைவெளியில் முன்னால் நிற்கும் ரேடியோக்காவின் பின்கழுத்து தெரிந்தது. அவசரமாகக் கழுவியதில் சொட்டிய தண்ணீர், ரவிக்கையின் ஓரத்தில் இன்னும் காயாமல் இருந்தது.