பாதியில் எழுந்து வந்த படம்

சோபா உறை தைப்பவன் அன்று காலை பட்டறைக்குள் நுழைந்ததும் தன் மெஷின் பக்கம் போகவில்லை. நேராக ஃபோம் வெட்டும் மேசைக்குப் போய், குனிந்து நின்ற டிக்கெட்டின் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி ஓரமாக வைத்தான்.

"தெரிஞ்சேதான் அனுப்பினியா?"

டிக்கெட் என்பது பட்டப்பெயர். எந்தப் படம் வந்தாலும் முதல் நாளே பார்த்துவிடுகிறவன். பார்த்துவிட்டு வந்து அடுத்தவர் ஆசையில் மண் போடுகிற ரகம் இல்லை. யார் கேட்டாலும், "நல்லாருக்கு, போய்ப் பாரு, இதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்காத" என்பதோடு சரி. நாக்கைப் பிடுங்கினாலும் கதை வெளியே வராது. அந்த நம்பிக்கையில்தான் தையல்காரன் ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கெஞ்சிக் கூத்தாடிக் கிளப்பினான். மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பிறகு அவள் வாசலைத் தாண்டுவதே அபூர்வம். "சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும், தங்கச்சியையும் கூட்டிட்டுப் போ" என்று டிக்கெட் சொல்லியிருந்தான்.

சிரிக்கத்தான் செய்தார்கள். குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்பிய ஓர் அப்பன், வழியெல்லாம் அவன் அடித்த கூத்து. வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அவள் சிரித்ததை, தையல்காரன் திரையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். இடைவேளைக்குப் பிறகு படத்தில் சின்னப் பெண்ணுக்கு உடம்பு சுட்டது. ஆஸ்பத்திரி வந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த டாக்டர் அப்பனின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். இவர்களுடைய டாக்டரும் அப்படித்தான் பார்த்தார். அவள் சத்தம் போடவில்லை. இருட்டில் சீட்டுகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து வெளியேறிவிட்டாள். அவன் ஓடிப்போய்த் தேடியபோது, வண்டிகள் நிற்கும் இடத்தில் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"கேக்குறேன்ல? தெரியுமா, தெரியாதா?"

டிக்கெட் தலையைத் தொங்கப் போட்டான். "தெரியும்."

"தெரிஞ்சும்?"

"தங்கச்சி அழவே மாட்டேங்குதுன்னு நீதானே சொல்லிட்டிருந்த? அழுதா பாரம் எறங்கும்னு நெனச்சேன். முன்னாடியே சொன்னா நீ கூட்டிட்டுப் போயிருக்க மாட்ட."

அதுதான் தையல்காரனுக்கு ஆறவில்லை. மறந்து தொலைத்தான் என்றிருந்தால் நாலு கெட்ட வார்த்தையோடு போயிருக்கும். இவன் யோசித்திருக்கிறான். யோசித்துவிட்டு, வயிறு வலிக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான்.

"எங்க வீட்டுச் சாவு உனக்கு சஸ்பென்ஸாடா?"

ஆணி அடிக்கும் சத்தம் நின்றது. முதலாளி கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அடிக்கத்தான் வந்திருந்தான். ஆனால் மனைவி சொல்லி அனுப்பிய வேலை ஒன்று பாக்கி இருந்தது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்: அதுக்கப்புறம் படத்துல அந்தப் பொண்ணோட அம்மா என்ன ஆனா? காலையில் செருப்பை மாட்டும்போதும் அதேதான். "என்னால போய்ப் பாக்க முடியாது. தெரியாமலும் இருக்க முடியல. அந்த அண்ணனைக் கேளுங்க."

"அவ முடிவு கேக்குறா. என்னன்னு சொல்லு."

"மொட்டையா சொன்னா அது..." என்று டிக்கெட் இழுத்தான். பழக்கதோஷம்.

தையல்காரன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். ஒரு பொத்தான் தெறித்து ஃபோம் துண்டுகளுக்குள் போய் விழுந்தது. "இன்னுமாடா? இன்னும் உனக்குப் படம்தான் பெருசா? எங்கிட்ட சொல்ல வேணாம். அதை வாங்கிட்டுப் போய் அவகிட்ட சொல்ற தெம்பு எனக்கு இல்ல. நீயே வந்து சொல்லு."

சாயங்காலம் ஒரே வண்டியில் போனார்கள். டிக்கெட்டின் முழங்கால் முதுகில் பட்டபோதெல்லாம் தையல்காரன் முன்னால் நகர்ந்துகொண்டான்.

அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "அந்தப் பொண்ணு போனதுக்கு அப்புறம் சொல்லுங்கண்ணா. ஒண்ணையும் விடாதீங்க."

டிக்கெட் நண்பனைப் பார்த்தான். நண்பன் உட்காரவில்லை, வாசல் நிலையில் சாய்ந்து வெளியே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரொம்ப நாள் கழிச்சுக் காட்டுறாங்கம்மா. அந்த அம்மா அலமாரியத் தொறக்குறாங்க. பொண்ணோட துணியெல்லாம் எடுத்துக் கட்டில்ல போடுறாங்க."

"யாருக்காவது குடுத்துட்டாளா?"

"இல்லம்மா. மடிக்கிறாங்க."

"எப்படி மடிச்சா?"

டிக்கெட் காய்த்துப்போன இரண்டு கைகளையும் தூக்கி, காற்றில் இல்லாத ஒரு சின்னச் சட்டையைப் பிடித்து, அதன் கைகளை உள்ளே மடக்கினான். அவள் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.